சர்வே நம்பர் நூற்றுப் பதினெட்டு

அத்தியாயம் 14

வனமாலா செய்தது சரியா தப்பா என்று கேட்டு தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புருஷனுடைய கையெழுத்தை அவருக்கே தெரியாமல் பயன்படுத்தியவளை எப்படி நல்லவள் என்று சொல்லலாம் என்று கோபமாகவே கேட்டிருக்கிறார். அம்மா, நான் எங்கே அவளை நல்லவள் என்று சொன்னேன்? அவளுக்கு நிம்மதி போய் ஒன்றரை வருடம் ஆகிறது என்றுதான் சொன்னேன். நிம்மதி போனவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா.

போன வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கெசவினகெரெ தொகுதி எம்.எல்.ஏ. யோகப்ப கௌடர் நடுவில் இரண்டு தடவை தோற்றாலும் மூன்று தடவை ஜெயித்தவர். சட்டசபைக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கட்டு வெற்றுக் கேள்விப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிடுவார். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்ற கவலை அவருக்குக் கிடையாது. பாலம் வேண்டும், பஸ் வேண்டும் என்று ஊரிலிருந்து வருகிற மனுக்களைப் பார்த்து அவருடைய பி.ஏ. பட் நிரப்பி, சபை கூடுகிற பெளகாவிக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். பாதி எம்.எல்.ஏ.க்கள் இப்படித்தான்.

அந்தக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, கேள்வி எழுதி, பட்டுடைய ஃபைலுக்குள் சொருகியவள் யோகப்ப கௌடரின் மனைவி வனமாலா.

அவள் எழுதிய கேள்வி வருவாய்த்துறை அமைச்சருக்கு. கெசவினகெரெ வட்டம், சர்வே நம்பர் நூற்றுப் பதினெட்டு, மேய்ச்சல் நிலம். அதில் நாலு ஏக்கர் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயருக்கு வழங்கப்பட்டது உண்மையா? உண்மையென்றால் அந்தப் பெண் யார்?

எந்தக் கேள்வியைச் சபையில் எடுப்பது என்ற குலுக்கலில் அது இரண்டாவதாக வந்துவிட்டது. இன்று காலை பதினொரு மணிக்கு, சபையில், அமைச்சர் வாயால் பதில். கேட்பவர் பெயர் யோகப்ப கௌடர்.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு கல்யாணப் பந்தி. கிராமக் கணக்கரின் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்து ஹோளிகெ என்கிற போளியைப் பிய்த்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் முதல் தடவை ஜெயிச்ச கையோட ஒரு பொம்பளைக்கு நாலு ஏக்கர் எழுதிக் கொடுத்தாரே, அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்" என்றாள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் வனமாலாவை இதுவரை கொண்டுவந்து விட்டிருக்கிறது.

புருஷனிடம் கேட்காமல் இல்லை. இரண்டு தடவை கேட்டாள். "எந்த நாலு ஏக்கர்? நிலம் வழங்கற கமிட்டித் தலைவரா நான் நாலாயிரம் ஏக்கருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று சிரித்துவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். கொழுந்தன் ரத்னாகரனிடமும் கேட்டாள். "அதெல்லாம் எதுக்கு அண்ணி இப்போ" என்று தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டான். வீட்டில் கேட்டால் யாரும் பதில் சொல்லப் போவதில்லை. சபையில் கேட்டால் அமைச்சரே ஆனாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எம்.எல்.ஏ. மனைவியாக இத்தனை வருடம் இருந்து அவள் கற்றுக்கொண்டது இது.

சரி, இன்றைய காலைக்கு வருவோம்.

பெளகாவியில் டிசம்பர் குளிர். எம்.எல்.ஏ.க்களுக்கு ஒதுக்கிய ஹோட்டல் அறையில் யோகப்ப கௌடர் ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அச்சடித்த கேள்விப் பட்டியல் மடியில் கிடந்தது. நேற்று மாலையே சபை அலுவலகத்துக்குப் போய் அசல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"கையெழுத்து என்னோடதுதான். அதுல சந்தேகம் இல்ல" என்றார். "ஆனா கோணல்மாணலா இருக்கு. நவம்பர்ல கை கட்டுல இருந்துச்சு பாரு, அப்போ போட்டது. அந்தப் பத்து நாளும் நான் வாசலைத் தாண்டல. அப்படின்னா அந்தத் தாள் நம்ம வீட்டுக்குள்ள இருந்துதான் போயிருக்கு."

வனமாலா ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வீட்டுக்கு ஆயிரம் பேர் வர்றாங்க" என்றாள்.

"வர்றவன் ஹால்ல உட்காருவான், காபி குடிப்பான், போவான். பீரோ பக்கம் எவன் வருவான்? ரத்னாகரன் ஒருத்தன்தான் வருவான்."

"உங்க தம்பியையா சொல்றீங்க?"

"தம்பிதான். தம்பிக்கு அடுத்த தடவை டிக்கெட் வேணும். போன மாசம் தாலூகா ஆபீஸ்ல என்னைவிட அவனுக்குத்தான் பெரிய மாலை. நீ கவனிக்கல, நான் கவனிச்சேன்."

டீயைக் கையில் கொடுத்தாள். இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போடுகிறவர், அறைக்குள் இருக்கிற ஒருத்தியை மட்டும் எப்படித் தாண்டிப் போகிறார் என்று நினைத்தாள். சந்தேகப்படுவதற்குக்கூட அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லையா என்று ஒரு கோபமும் வந்தது.

"அந்த நிலத்துல அப்படி என்னதான் இருக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாத விஷயத்துக்கு எதுக்கு இவ்வளவு பயம்?"

"தெரியாததுக்குத்தான் பயப்படணும் வனமாலா. தெரிஞ்சதைச் சமாளிச்சுடலாம்." ஒரு மடக்கு குடித்தார். "அடுத்த வாரம் மந்திரிசபை விரிவாக்கம். மலநாட்டுக்கு ஒரே ஒரு இடம். என் பேரும் இன்னொருத்தன் பேரும்தான் இருக்கு. இந்த நேரத்துல மேய்ச்சல் நிலம், ஒரு பொம்பளைன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை. நிஜமா பொய்யான்னு எவன் பார்க்கப் போறான்?"

அந்த விளக்கம் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததாலேயே அவளுக்கு அது பிடிக்கவில்லை. மேடையில் கேள்வி கேட்பவனுக்கு இவர் இதே குரலில்தான் பதில் சொல்வார். அந்தக் குரல் எப்போது வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் லெட்டர்பேடை எடுத்தார். நாலே வரி. இன்றைய பட்டியலில் இரண்டாவதாக உள்ள என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கையெழுத்து. உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டினார்.

"எட்டேகாலுக்குக் கட்சித் தலைவர் வீட்டுல டிபன். நான் போயே ஆகணும்" என்று ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார். "பட் ஒன்பது மணிக்கு ஃபைல் எடுக்க வருவார். இந்த உறையை அவர் கையில கொடு. பத்துக்குள்ள ஆபீஸ்ல சேர்ந்தா போதும், கேள்வியே கிடையாது. உள்ள என்ன இருக்குன்னு பட்டுகிட்ட சொல்லாத. ஃபைல்ல சேர்த்தது அவர்தானே, அவர் மேலயும் எனக்கு ஒரு கண்ணு இருக்கு."

"என்கிட்ட கொடுத்துட்டுப் போறீங்களே."

"உன்னை விட்டா இப்போ நான் யாரை நம்பறது?"

தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். இந்த மாதிரி வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே, இதை ஏன் இன்றைக்குப் பார்த்துச் சொல்கிறார் என்றும் தோன்றிவிட்டது. பாருங்கள், சந்தேகம் என்பது எப்படிப்பட்ட வியாதி. தித்திப்பாக ஒன்று கிடைத்தால் அதையும் மோந்து பார்க்கச் சொல்கிறது.

பட் சரியாக ஒன்பதுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், அறுபதைத் தாண்டியவர், கௌடருக்கு முன்னால் இரண்டு எம்.எல்.ஏ.க்களிடம் இருந்தவர். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். ஃபைலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேற ஏதாவது கொடுக்கச் சொன்னாரா அம்மா?"

உறை அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. கைப்பை மேஜைமேல் இருந்தது. பட் மேஜையைப் பார்த்தார்.

"இல்லையே" என்றாள்.

"நிச்சயமா?"

"இல்லைன்னுதானே சொல்றேன் பட்டரே."

"இல்லைன்னா இல்லை." அவர் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "இந்தத் தடவை பதினாலு ஃபாரம் கொண்டுபோனேன். பதிமூணு என் எழுத்து. ஒண்ணு என் எழுத்து இல்ல. கொடுக்கறப்பவே பார்த்தேன். வீட்டு ஆள் யாரோ எழுதியிருக்காங்க, கௌடருக்குத் தெரியாம இருக்குமான்னு நினைச்சுக் கொடுத்துட்டேன். இப்போ என்னைத்தான் முறைக்கிறார்."

"நீங்க அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"யார் எழுத்துன்னு கேட்பாரே அம்மா. நான் என்ன சொல்றது?" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார். "கேலரி பாஸ் வாங்கி வெச்சிருக்கேன். வர்றீங்கதானே? பத்தரைக்குக் கார் அனுப்பறேன்."

அவர் போன பிறகுதான் வனமாலாவுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்ததும் போன் அடித்தது. கௌடர்.

"கொடுத்துட்டியா?"

பின்னால் தட்டுச் சத்தம், சிரிப்புச் சத்தம். தலைவர் வீட்டு டிபன் அமர்க்களமாக நடக்கிறது போல.

"கொடுத்தாச்சு" என்றாள்.

"கவர் ஒட்டியிருந்துச்சா? பிரிச்சுப் பார்த்தாரா?"

"பார்க்கல."

"அப்பாடா" என்று போனை வைத்தார்.

இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் பொய்யே சொன்னதில்லை என்று நான் சொல்லமாட்டேன். புடவை விலையில் சொல்லியிருக்கிறாள், அம்மா வீட்டுக்கு அனுப்பிய பாக்கில் சொல்லியிருக்கிறாள். ஆனால் என்னை நம்பு என்று கேட்ட மனுஷனிடம் இப்படி நேருக்கு நேர் சொன்னது இதுதான் முதல். பத்து மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது, டாக்ஸி பிடித்து நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று யோசித்தாள். கைப்பையைக்கூட எடுத்துவிட்டாள்.

அப்போது மறுபடி போன். இந்தத் தடவை ரத்னாகரன்.

"அண்ணி, அண்ணன் போனை எடுக்கமாட்டேங்கறார். கேள்வியை வாபஸ் வாங்கிட்டாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

கார் ஓடுகிற இரைச்சல் கேட்டது. "நீ எங்கே இருக்க?"

"விடிகாலையிலயே கிளம்பிட்டேன். ஹுப்ளி தாண்டிட்டேன். அண்ணி, சொல்லுங்க."

ஊரில் அறுவடை நேரம். பாக்குக் காய வைத்திருக்கிற களத்தை விட்டுவிட்டு இவன் எதற்கு ஓடிவருகிறான்? வனமாலா கைப்பையை மறுபடி மேஜைமேல் வைத்தாள்.

"உனக்கு என்ன அதுல அவ்வளவு அவசரம்?"

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் அண்ணி. அந்தப் பதில் வெளியில வரக் கூடாது."

"என் நல்லதா?"

"உங்க நல்லதுதான். சத்தியமா."

மச்சினன் இப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணும் என்ன நினைப்பாளோ அதையேதான் அவளும் நினைத்தாள். அண்ணன் வைத்திருக்கிற பெண்ணைத் தம்பி மூடி மறைக்கிறான். அண்ணி மனசு நோகக் கூடாதாம்.

"ரத்னாகர், உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள். "வாபஸ் கடிதம் என்கிட்டதான் இருக்கு. இன்னும் கொடுக்கல. நீ அந்தப் பொம்பளை பேரைச் சொல்லு. சொன்ன நிமிஷம் கொண்டுபோய்க் கொடுத்துடறேன். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்."

அந்தப் பக்கம் கார் இரைச்சல் நின்றது, ஓரங்கட்டிவிட்டான் போல.

"பேரு ரத்னாகர்."

"போன்ல சொல்ற விஷயம் இல்ல அண்ணி. நேர்ல வந்து கால்ல விழுந்து சொல்றேன். இன்னிக்கு மட்டும் அந்தக் கடிதத்தைக் கொடுத்துடுங்க."

"கால்ல எல்லாம் விழ வேண்டாம். பேரைச் சொன்னா போதும்."

அவன் வைத்துவிட்டான். அவள் திரும்பக் கூப்பிட்டபோது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது.

ஒரே ஒரு பெயர். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும். இந்த ஆம்பளைகளுக்கு எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்பதே தெரிவதில்லை. பத்து மணி அடித்தபோது வனமாலா தலைவாரிக்கொண்டிருந்தாள்.

பார்வையாளர் கேலரியில் போன், பை எதற்கும் அனுமதி கிடையாது. கீழேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, கம்பியில் சாயக் கூடாது என்று ஒரு பெண் காவலர் ஒப்பித்தாள். வனமாலா இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் இல்கல் சேலை கட்டிய ஒரு பெரிய உடம்புக்காரி, மகளிர் குழுவோடு வந்தவள், முக்காட்டுக்குள் வாயை மறைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க ஊர் ஆளு எவரு?"

"அதோ, மூணாவது வரிசை. நீல ஸ்வெட்டர்."

"பரவாயில்ல, முழிச்சிட்டிருக்காரு. எங்க ஆளைப் பாருங்க. ஓட்டுக் கேட்டு வந்தப்போ என்ன ஓட்டம் ஓடினாரு, இப்போ கொட்டாவி விடறாரு."

கௌடர் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். டிபன் நன்றாக நடந்திருக்கிறது. தலைவர் முதுகில் தட்டியிருப்பார். அவர் முன்னால் இன்றைய பதில்களின் கட்டு இருந்தது. அதைத் தொடவே இல்லை. தன் கேள்விதான் இல்லையே, மற்றவர்கள் ஊர்ப் பதில் அவருக்கு எதற்கு.

முதல் கேள்வி எங்கோ ஒரு பஸ் டிப்போ பற்றி. பத்து நிமிஷம் இழுத்தார்கள். வனமாலாவின் உள்ளங்கை வியர்த்தது. இந்தக் குளிரிலும் வியர்த்தது.

"இரண்டாவது கேள்வி. உறுப்பினர் யோகப்ப கௌடர்" என்றார் சபாநாயகர்.

கௌடரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் எழுந்த விதத்தைப் பார்த்தால் யாரோ தூக்கி நிறுத்தியது போல இருந்தது. பதிமூன்று வருடப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"கேள்வி எண் இரண்டு, சபாநாயகர் அவர்களே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அமைச்சர் பாதி எழுந்து, பதில் உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கௌடர் அந்தக் கட்டைப் பிரித்தார். இரண்டாவது தாளை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

மேலேயிருந்து வனமாலா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெளுத்ததைப் பார்த்தாள். தெரிந்த பெயர். அவருக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அவள் ஒன்றரை வருடமாகத் தேடியது கடைசியில் கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை.

"துணைக் கேள்வி உண்டா?" என்றார் சபாநாயகர்.

"இல்லை" என்று கௌடர் உட்காரப் போனார்.

எதிர்வரிசையில் தேசாயி எழுந்துவிட்டார். அந்தத் தேசாயியை உங்களுக்கு எட்டாவது அத்தியாயத்திலேயே காட்டியிருக்கிறேன், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேசுகிறவர் என்று.

"எனக்கு உண்டு, சபாநாயகரே. கௌடர் மாதிரி நேர்மையான மனுஷர் கேட்ட கேள்வி. அதுக்கு வந்த பதிலை நாலு பேர் கேட்க வேண்டாமா? படிக்கிறேன்." தாளை உயர்த்தினார். "நாலு ஏக்கர் வழங்கப்பட்டது உண்மை. பயனாளி, நிலமற்ற விவசாயக் கூலிப் பெண். பெயர், வனமாலா. தகப்பனார் பெயர், திம்மய்ய கௌடர். ஊர், சிட்டுகோடு."

இல்கல் சேலைக்காரி ஏதோ சொன்னாள். வனமாலாவின் காதில் அது விழவில்லை.

சிட்டுகோடு அவள் பிறந்த ஊர். திம்மய்ய கௌடர் அவளுடைய அப்பா, போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. நிலமற்ற விவசாயக் கூலிப் பெண், நாற்பது ஏக்கர் பாக்குத் தோட்டத்து மருமகள், அவள்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கடுபு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு காலை ஞாபகம் வந்தது. ரத்னாகரன் நாலைந்து தாளோடு அடுப்படிக்கே வந்து நின்றான். இன்சூரன்ஸ் அண்ணி, உங்க பேர்ல ஒண்ணு போட்டு வைக்கலாம்னு. அப்பா பேரோட கையெழுத்துப் போடுங்க, வரிக்கு அதான் நல்லது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டாள். அந்தத் தாள்கள் கமிட்டி மேஜைக்குப் போயிருக்கின்றன. அங்கே தலைவர் நாற்காலியில் இருந்தவர், படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மகானுபாவர், போட்டிருக்கிறார்.

கல்யாணப் பந்தியில் அந்தச் சிரிப்பு. ஒரு பொம்பளைக்கு என்று கணக்கர் சம்சாரம் சொன்னது ஜாடையாக. கேட்டவளைத்தான் சொன்னாள். நிலம் வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதது போல் ஹோளிகெ சாப்பிடுகிறாளே என்று சிரித்திருக்கிறாள். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. வனமாலாவுக்கு மட்டும் தெரியவில்லை.

கீழே தேசாயி உட்காரவில்லை.

"என் துணைக் கேள்வி அமைச்சருக்கு இல்ல, சபாநாயகர் அனுமதிச்சா கௌடருக்குத்தான். தொகுதி அவரோடது. நிலம் கொடுத்த கமிட்டிக்குத் தலைவர் அவர். கேள்வி கேட்டவரும் அவர். இந்த வனமாலாங்கற அம்மா யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

உறுப்பினர்களைக் கேட்க விதியில் இடமில்லை என்று சபாநாயகர் சொல்ல வாயெடுத்தார். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், விதி கௌடரைக் காப்பாற்றியிருக்கும். இத்தனை தேர்தல் பார்த்த மனிதருக்கு உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை. எழுந்துவிட்டார்.

"தெரியாது" என்றார்.

"கொஞ்சம் சத்தமா."

"எனக்குத் தெரியாது சபாநாயகர் அவர்களே. அப்படி ஒரு பெண்ணை எனக்குத் தெரியாது. அமைச்சர் விசாரிக்கட்டும். தப்பு நடந்திருந்தா அந்தப் பெண் மேல நடவடிக்கை எடுக்கட்டும்."

சபையின் நடு மேஜையில் இருந்த இரண்டு பேர் அதைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அங்கே சொன்னது சொன்னதுதான். பிறகு இல்லை என்று சொல்ல முடியாது.

"பொய்" என்றாள் இல்கல் சேலைக்காரி, முக்காட்டுக்குள்ளிருந்து. "காதைப் பாரு, எப்படிச் சிவந்திருக்கு. எங்க வீட்டு ஆளுக்கும் இப்படித்தான் சிவக்கும். யாரோ பாவப்பட்டவ தலையில கட்டறான்."

வனமாலா எழுந்து நின்றாள்.

அவள் யோசித்து எழுந்திருக்கவில்லை. எழுந்த பிறகுதான் எழுந்திருக்கிறோம் என்பதே தெரிந்தது. பெண் காவலர் ஓடிவந்து தோளைத் தொட்டாள்.

"உட்காருங்கம்மா. நிற்கக் கூடாது."

"அந்த வனமாலா நான்தான்" என்றாள்.

கத்தவில்லை. ஆனால் தேசாயி அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்று சபை முழுக்கக் காத்திருந்தது. அந்தக் கூடத்தில் அவள் குரல் நன்றாகவே கேட்டது. நூறு தலைகள் மேலே திரும்பின. அதில் ஒன்று அவருடையது.

அவர் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். பயம் இல்லை அதில், வெட்கமும் இல்லை. இத்தனை வருடமாக என்னிடம் மறைத்து வைத்திருந்தாயா என்று கேட்கிற பார்வை. எதிர்க்கட்சிக்காரனை அவர் அப்படிப் பார்த்து அவள் பார்த்திருக்கிறாள். தன் மேல் அது விழுந்தது இதுதான் முதல் தடவை.

அந்தப் பார்வையில்தான் வனமாலாவுக்குப் புரிந்தது. இந்த மனுஷனுக்கு ஒன்றுமே தெரியாது. வேறு பெண் இல்லை, ஒளித்து வைத்த கதை இல்லை, நாலு ஏக்கர் பற்றி அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஒன்றரை வருடமாக அவள் சந்தேகப்பட்டதில் ஒரு துளிகூட உண்மை இல்லை. அது நிரூபணமான அதே நிமிஷத்தில்தான் அவர் அவளைத் தெரியாது என்று சொல்லியிருந்தார்.

சபாநாயகர் மணியை அடித்தார். கேலரியில் குறுக்கிட்ட பெண்ணை வெளியேற்றச் சொன்னார். இரண்டு பெண் காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். வழியில் இல்கல் சேலைக்காரி கால்களை ஒதுக்கி இடம்விட்டாள். வாயிலிருந்து முக்காடு நழுவியிருந்தது.

வெளியே நீளமான தாழ்வாரம். ஒரு மேஜை, ஒரு ரிஜிஸ்டர், பேனாவோடு ஒரு அதிகாரி. கதவு மூடுவதற்குள் உள்ளே பெரிய கூச்சல் எழுந்திருந்தது. அதில் அவருடைய குரலும் இருந்தது. என்ன சொல்கிறார் என்று மட்டும் பிடிபடவில்லை.

"சபையில குறுக்கிட்டா எழுதிக்கணும்மா. ஆறு மாசம்கூட உள்ள போடலாம், தெரியுமில்ல" என்றார் அதிகாரி. மோசமான ஆள் இல்லை, தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பேரு?"

"வனமாலா."

எழுதினார். "கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்போ புருஷன் பேரைச் சொல்லுங்க."

உள்ளே கூச்சல் சற்று அடங்கியது. சபாநாயகர் யாரையோ உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். வனமாலா தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"உள்ள இருக்கறவருக்கு என்னைத் தெரியாதாம்" என்றாள். "அப்பா பேரையே போட்டுக்குங்க. திம்மய்ய கௌடர், சிட்டுகோடு."